உள்ளே இருப்பவர்கள் பார்ப்பதற்கு மட்டும்

என் மகள் வேலை செய்யும் கம்பனி துறைமுகத்துக்குப் போகும் வீதியில் இருக்கிறது. கப்பலில் வரும் கோதுமைக்கும் சீமெந்துக்கும் கடதாசி வேலை பார்ப்பதும், களஞ்சியத்தில் வைத்திருந்து லொறியில் அனுப்புவதும்தான் அவர்களுடைய தொழில். அந்தக் கந்தோருக்கு இடியப்பமும் சோறும் பார்சல் கட்டிக் கொடுப்பவள் நான். மகள் அங்கே வேலைக்குச் சேரும் முன்பே நான் அங்கே போய்வந்துகொண்டிருந்தேன். மகளால்தான் எனக்கு அந்த வாசல் தெரியும் என்று யாரும் நினைக்க வேண்டாம். என்னால்தான் அவளுக்குத் தெரியும்.

அங்குள்ள எல்லாரும் முதலாளியைச் சேர் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் தம்பி என்பேன். அவருடைய தகப்பன் காலத்திலிருந்தே அந்தக் கந்தோரின் சாப்பாடு என் கையால் போகிறது. அவர் அரைக் காற்சட்டையோடு வந்து என்னிடம் சீனி கேட்டவர். பிறகு கார் வாங்கினார், தலை நரைத்தது. அதற்காக நான் வாயை மாற்றவில்லை.

கம்பனிக்கு வரும் காசில் ஒரு பங்கைக் கொழும்புப் பங்குச் சந்தையில் போட்டிருந்தார்கள். வெளிநாட்டுப் பங்குகளும் கொஞ்சம் இருந்தன. முன்பெல்லாம் கணக்குப் பார்க்கும் பெண் காலையில் கொழும்புக்குப் போன் எடுத்து விலை கேட்டு, சுவரில் இருக்கும் வெள்ளைப் பலகையில் எழுதுவாள். மத்தியானம் நான் பார்சலோடு போகும்போது அந்த விலை பழசாகியிருக்கும். "இது காலமைச் சோறு மாதிரி, இதை வச்சு என்ன செய்யிறது?" என்று முதலாளி கத்துவார். ஒருநாள் என் மகளைக் கூப்பிட்டு, விலை தானாக வந்து திரையில் விழும்படி ஒரு வேலை செய்து தரச் சொன்னார். மகள் கொம்பியூட்டருக்கு நிரல் எழுதுகிறவள். அவளுக்கு மேலே ஒருவர் இருந்தார். கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து வருகிற முஸ்லிம் ஆள். அண்ணன் முறையில் மகள் அவரை நானா என்பாள். இருவருமாகச் சேர்ந்து அந்த வேலையைச் செய்து முடித்தார்கள்.

அது என்ன வேலை என்று நான் கேட்டது குசினியில், மா குழைத்துக்கொண்டிருக்கும்போது.

"விலையெல்லாத்தையும் ஒரு வெளிநாட்டுக் கம்பனி சேர்த்து வச்சிருக்கம்மா. எங்கட கொம்பியூட்டர் அங்க போய்க் கேக்கும். அது குடுக்கும்."

"சும்மா குடுக்குமோ?"

"சும்மா ஆர் குடுப்பினம்? காசு கட்டி ஒரு சாவி எடுத்திருக்கிறம். சாவியெண்டா இரும்பில்லை, எழுத்தும் இலக்கமும் கலந்த நீளமான ஒரு வரி. கேக்கிற நேரமெல்லாம் அதைக் காட்டவேணும்."

"சங்கக் கடையில கூப்பன் மட்டை காட்டுற மாதிரி."

"அதேதான். மட்டையைக் காட்டிச் சாமான் வாங்குற அந்த யன்னல் இருக்கெல்லோ, அதுக்குத்தான் ஏபிஐ எண்டு சொல்லுறது."

இது எனக்கு விளங்கியது. மட்டையில் பேர் உள்ள வீட்டுக்குத்தான் சீனியும் மாவும். அடுத்த வீட்டுக்குக் கொடுக்க முடியாது. அதையும் கேட்டேன். அவள் சிரித்தாள்.

"ஓம். வாற விலையைக் கம்பனிக்குள்ள இருக்கிற ஆக்கள் மட்டும்தான் பாக்கலாம். வெளியில குடுக்கக்கூடாது, காட்டக்கூடாது. கையெழுத்து வச்சுக் குடுத்திருக்கிறம்."

"ஆர் கையெழுத்து வச்சது?"

"சேர்தான். ஆனா பொறுப்பான ஆளெண்டு என்ர பேரும் கிடக்கு."

எனக்கு மா கையில் ஒட்டிக்கொண்டது. அவளுடைய பேர் ஏதோ ஒரு தேசத்தில், முகம் தெரியாத ஆட்களின் கையில் கிடக்கிறது என்பதுதான் எனக்குக் கேட்டது. "பேரை ஏன் குடுத்தனீ?" என்றேன். "வேலையெண்டா பேர் குடுக்கத்தானே வேணும்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் ஏன் அப்படிப் பயந்தேன் என்று சொல்லவேண்டும். என் மனிசன் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். உள்ளே போக அவருக்கு ஒரு பாஸ் இருந்தது. சண்டை நடந்த பிரச்சினைக் காலத்தில் ஒருநாள் அது எங்கேயோ விழுந்துவிட்டது. அவர் அதைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, ஆமிக்காரர் பிடித்த வேறு யாரோ ஒருவனுடைய சட்டைப் பையில் அது அகப்பட்டது. அவன் யாரென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஆனால் பாஸில் இருந்தது இவருடைய பேர். ஜீப் வந்து வாசலில் நின்றது. கொண்டுபோனார்கள். திரும்பி வந்தார். வந்தது பாதி ஆள். சாகும் வரைக்கும், வீதியில் ஏதாவது வாகனம் பிறேக் போட்டால் சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்துவிடுவார்.

ஆனபடியால், பேர் எழுதிய ஒன்று மற்றவன் கையில் போனால் என்ன நடக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

திரை வேலை செய்யத் தொடங்கிச் சில நாட்களில் சரஸ்வதி பூசை வந்தது. கந்தோரில் வருசா வருசம் பெரிதாகச் செய்வார்கள். மேசையில் கும்பம் வைத்து, கணக்குப் புத்தகங்கள், பேனைகள், லொறி ஓட்டுகிறவர்களின் லைசென்ஸ், களஞ்சியத்துச் சாக்குத் தைக்கும் ஊசி என்று அவரவர் தொழிலில் கை படுகிற எல்லாவற்றையும் கொண்டுவந்து வைப்பார்கள். நான் கடலை அவித்து, அவல் குழைத்துக் கொண்டுபோயிருந்தேன். எங்கள் ஊர் வீதிகளில் மாடு மாதிரித் திரிகிற மான்களில் ஒன்று, வாசலில் கட்டிய தோரணத்தை நின்று தின்றுகொண்டிருந்தது. காவல்காரர் அதை விரட்டிக் களைத்துப்போய், "சரஸ்வதிக்கு முந்தி இதுக்குப் படைச்சாச்சு" என்றார்.

மகள் தன்னுடைய மடிக் கொம்பியூட்டரை மூடியபடி மேசையில் வைத்தாள். முதலாளி அன்றைக்குப் புதுப் போன் ஒன்றோடு வந்திருந்தார். எல்லாரிடமும் அதைக் காட்டி, "இதில சந்திரனைக் கிட்ட எடுத்தா அதில இருக்கிற குழியும் தெரியும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். மேசைக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"என்ன பிள்ளை, பெட்டியை மூடி வச்சிருக்கிறீர்?"

"மூடி வச்சாலும் காணும் சேர்."

"மூடின பெட்டிக்குள்ள சரஸ்வதி என்னத்தைப் பாக்கிறது? இந்த வருசம் நாங்கள் செய்த புது வேலை அதுதானே. திறந்து, நீர் எழுதினது தெரிய வையும்."

அவள் திறந்து வைத்தாள். கறுப்புத் திரையில் மிளகாய் விதை தூவினதுபோல எழுத்துகள். எனக்கு அதில் ஒன்றும் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் என் பிள்ளை எழுதியது. சந்தனம் வைக்கச் சொல்லிக் கிண்ணத்தை என்னிடம்தான் தந்தார்கள். எழுத்தில் பட்டால் அழிந்துவிடுமோ என்று நினைத்து, திரையின் ஓரத்தில், நாலு மூலையிலும், எழுத்தில் படாமல் பார்த்துப் பார்த்து வைத்தேன்.

நானா வாசலுக்கு வெளியே நின்று கடலை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "ம்மா, உப்புக் கொஞ்சம் குறஞ்சிரிக்கி" என்றார். "பூசைக்கு அவிச்சது, ருசி பாக்கேல்லை. பேசாமல் சாப்பிடும்" என்றேன். பிறகு முதலாளி எங்களைக் கிட்ட வரச் சொல்லி, மேசையோடு சேர்த்துப் படம் எடுத்தார். நடுவில் கும்பமும் கொம்பியூட்டரும். ஒரு பக்கம் மகள், ஒரு பக்கம் நீலச் சேலையோடு நான். அதைக் கம்பனியின் இணையப் பக்கத்தில், ஊர் உலகம் எல்லாம் பார்க்கிற மாதிரி அன்றைக்கே போட்டார். மகள் எனக்கும் அனுப்பினாள். நானும் அவளும் நன்றாக விழுந்த படம் அது ஒன்றுதான். என் போனைத் திறந்தால் முதலில் அது தெரிகிற மாதிரிச் செய்துதரச் சொன்னேன். செய்து தந்தாள்.

மாரி மழை தொடங்கிய பிறகுதான் அது நடந்தது. நான் பார்சலோடு போனபோது கந்தோரில் ஒரு சத்தமும் இல்லை. பெரிய திரையில் விலைகள் நிற்கிற இடமெல்லாம் சின்னக் கோடுகள் மட்டும் கிடந்தன. முதலாளியின் அறைக்கதவு மூடியிருந்தது. கணக்குப் பெண் என் கையிலிருந்து பையை வாங்கி, "இண்டைக்கு நில்லாதேங்கோ அம்மா" என்றாள். மகளைப் பார்க்க முடியவில்லை.

பின்னேரம் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தாள்.

"என்ன நடந்தது?"

"எங்கட சாவியை வேற ஆக்கள் பாவிக்கிறாங்கள். எங்கெங்கேயோ இருந்து கேட்டிருக்கிறாங்கள், எங்கட பேரில. அந்தக் கம்பனி சாவியை நிப்பாட்டிப்போட்டுது. கம்பனிக்குள்ள மட்டும் எண்டு கையெழுத்து வச்சுட்டு வெளியில குடுத்தது ஆரெண்டு எழுதிக் கேட்டிருக்கு."

"நீ குடுத்தனியோ?"

"அம்மா!"

"கேக்கத்தானே வேணும்."

"நான் குடுக்கேல்லை. நானாவும் குடுக்கேல்லை. ஆனா எங்கள் ரெண்டு பேருக்கும்தான் அது தெரியும். வெள்ளிக்கிழமைக்கிடையில ஆரெண்டு சொல்லவேணுமாம். இல்லாட்டித் தான் பொலிசுக்குப் போறாராம் சேர்."

பொலிஸ் என்ற சொல்லுக்குப் பிறகு அவள் சொன்ன ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை. எழுந்துபோய் முன் கதவைச் சாத்தினேன். வெளியே நல்ல வெளிச்சம். மழை விட்டிருந்தது. பிள்ளைகள் ரோட்டில் பந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் கொண்டியையும் போட்டேன்.

அடுத்த நாள் நானா வீட்டுக்கு வந்தார். மழை அங்கி தெப்பமாக நனைந்திருந்தது. உள்ளே வரச் சொன்னேன். நிலம் நனையும் என்று வாசலிலேயே நின்றார்.

"தங்கச்சி, நான் யாருக்கும் குடுக்கல்ல. நீயும் குடுக்கல்லண்டு எனக்குத் தெரியும்" என்றார் மகளைப் பார்த்து. "ஆனா சேர் ரெண்டு பேரில ஒராள்ட பேரைத்தான் கேக்கிறார்."

"நான் உங்கட பேரைச் சொல்லமாட்டன் நானா."

"நானும் சொல்லமாட்டன். அப்ப ரெண்டு பேருமாப் போகவேண்டியதுதான்." சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "எனக்கு ரெண்டு புள்ளையள் இரிக்கி. பொலிசில ஒருக்காப் பேர் விழுந்தா, எங்கட ஆக்கள எப்பிடிப் பாப்பாங்கண்டு உங்களுக்குத் தெரியும்தானேம்மா."

தெரியும். எங்கள் தமிழ் ஆட்களை எப்படிப் பார்ப்பார்கள் என்றும் தெரியும். தேத்தண்ணி கொடுத்தேன். நின்றபடியே குடித்துவிட்டுப் போனார். அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் மறைந்ததும் நான் மகளுக்குச் சொன்னேன்.

"நானாதான் குடுத்ததெண்டு முதலாளி நினைச்சா நினைக்கட்டன். நீ ஏன் வாயைத் திறக்கிறாய்?"

அவள் என்னைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை. "அப்பான்ர பாஸ் ஆற்ற பையில இருந்ததெண்டு கண்டுபிடிக்க ஒருத்தரும் மினக்கெடேல்லை எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்" என்றாள். பயம் வந்தால் வாய் அப்படித்தான் பேசும்.

அன்று பின்னேரம் வீட்டு வாசலில் ஒரு வாகனம் பிறேக் போட்டது. பெரிய வாகனத்தின் பிறேக். கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. நான் மகளின் கையைப் பிடித்துக் குசினிக்குள் இழுத்துவிட்டேன். அவளும் எதுவும் கேட்காமல் வந்தாள். அடுப்புக்குப் பக்கத்தில், தேங்காய்ச் சிரட்டைகளுக்கு நடுவில், இருவரும் நின்றோம். யாரோ படலையைத் தட்டினார்கள். "வீட்டில ஆரும் இருக்கிறீங்களா?" ஆண் குரல். நான் அசையவில்லை. மறுபடி தட்டினார்கள். அப்போது பக்கத்து வீட்டுக்காரி, "அது அவையின்ர வீடு, என்ர வீடு இதுதான், இஞ்ச வாங்கோ" என்று கத்துவது கேட்டது. தம்பலகாமத்திலிருந்து அவளுக்கு நெல் மூட்டை வந்திருந்தது. டிராக்டரை எங்கள் வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

மகள் சிரிக்கத் தொடங்கினாள். பிறகு அதே மூச்சில் அழுதாள். நான் அழவில்லை. அவளுடைய கையை விடவுமில்லை.

வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள் காலையில் நான் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தேன். என் போன் அடித்தது. என் கை மாவாக இருந்தபடியால் மகளை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். அவள் எடுக்கும் முன்பே அது நின்றுவிட்டது. மீன்காரர்தான். அவள் போனை வைக்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன?"

அவள் இரண்டு விரலைத் திரையில் வைத்து விரித்தாள். மறுபடி விரித்தாள். ஓடிப்போய்த் தன்னுடைய கொம்பியூட்டரைத் திறந்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாக உதடு அசையப் பார்த்தாள்.

"அம்மா, சாவி இஞ்ச கிடக்கு."

"எங்க?"

"பூசைப் படத்தில. நிரலுக்குள்ள நான் சாவியை எழுதி வச்சிருந்தனான். திறந்து வச்ச பக்கத்தில அந்த வரி இருந்திருக்கு. ஒரு எழுத்தும் பிசகாமல் தெரியுது."

நான் மாக் கையோடு எட்டிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது நாலு மூலையிலும் சந்தனம். நடுவில் ஒரு வரியை அவள் நகத்தால் காட்டினாள். சந்திரனில் குழி தெரிகிற போன் என்று அவர் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. சாவி தேடி இப்படிப் படங்களைக் கிண்டிக்கொண்டு திரிகிற ஆட்கள் உலகத்தில் இருக்கிறார்களாம். அவள்தான் சொன்னாள்.

உடனே எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அது ஒரு மூச்சுக்கூட நிற்கவில்லை. படத்தை எடுத்தது முதலாளி. ஊருக்குப் போட்டதும் முதலாளி.

"இதைப் போய் அவற்ற முகத்துக்கு நேர சொல்லப்போறியோ?"

"சொல்லாமல்?"

"பிழை உங்களுடையது எண்டு சம்பளம் குடுக்கிறவருக்குச் சொல்லுவியோ? மன்னிப்புக் கேள். தெரியாமல் நடந்திட்டுது எண்டு சொல். படத்தைப் பற்றிக் கதைக்காத."

"என்ர பிழையும் இருக்கம்மா. சாவியை நிரலுக்குள்ள எழுதக்கூடாது, வேறயா வைக்கவேணும். நானா அப்பவே சொன்னவர். பிறகு செய்வம் எண்டு விட்டனான். அதையும் சொல்லத்தான் போறன்."

"அதையுமோ!"

"உங்கட போனையும் தாங்கோ."

நான் தரவில்லை. கையைக் கழுவி, சேலையை மாற்றி, பார்சல்களைப் பையில் அடுக்கி, போனை இடுப்பில் செருகிக்கொண்டு அவளோடு புறப்பட்டேன். ஓட்டோவில் போனோம். மழையில் நனைந்த மான்கள் கடைத் தாழ்வாரங்களில் ஒதுங்கி நின்றன. நான் மனத்துக்குள் எங்கள் ஊர்ச் சிவன் கோணேசரையும் கூப்பிட்டேன், வழியில் வந்த மாதா கோயிலையும் கும்பிட்டேன். யாரையும் விடவில்லை.

முதலாளி அறையில் நானா ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். சட்டைக் கையைக் கீழே இறக்கிப் பட்டன் போட்டிருந்தார், வழக்குக்குக் கோட்டுக்குப் போகிறவர் மாதிரி. முதலாளி என்னைப் பார்த்ததும், "அம்மா, சாப்பாட்டை வெளியில குடுங்கோ" என்றார்.

"அம்மாவின்ர போனில ஒரு படம் இருக்கு சேர். அதைக் காட்டத்தான் கூட்டிவந்தனான்" என்றாள் மகள்.

நான் போனை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது அண்டைக்குப் பூசையில எடுத்த படமெல்லோ."

"கொம்பியூட்டர் இருக்கிற இடத்தைப் பெரிசாக்கிப் பாருங்கோ சேர்."

பெரிதாக்கினார். துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் ஊதியது. மகள் அந்த வரியைக் காட்டினாள். படம் கம்பனிப் பக்கத்தில் இருப்பதையும் சொன்னாள். யார் போட்டது என்று சொல்லவில்லை. சொல்லவேண்டியும் இருக்கவில்லை.

"சாவியை ஏன் உள்ளுக்குள்ள எழுதி வச்சனீர்?" என்றார். குரல் உயர்ந்தது.

"அது என்ர பிழை சேர். நானா சொன்னவர், நான் கேக்கேல்லை."

"நீர் இதைக் கவனிக்கேல்லையோ?" என்று நானாவைப் பார்த்தார்.

"நான் வெளிய நிண்டு கடல திண்டுகொண்டிருந்தன் சேர்."

முதலாளியின் கண் என்னிடம் வந்தது. "நீங்களும் மேசைக்குப் பக்கத்தில நிண்டனீங்கள்தானே அம்மா. ஆர் இதைத் திறந்து வச்சது?"

மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். அந்த ஜீப்பில் வந்தவர்களும் இப்படித்தான் என்னைக் கேட்டார்கள், உங்கட மனிசன் பாஸை யாருக்குக் கொடுத்தார் என்று. அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. இன்றைக்குத் தெரிந்தது.

"ஐயா," என்றேன், "மூடித்தான் வச்சது. நீங்கள்தான் ஐயா திறக்கச் சொன்னனீங்கள். எழுதினது தெரிய வைக்கச் சொன்னனீங்கள்."

தம்பி என்றுதான் சொல்ல நினைத்தேன். வாய் ஐயா என்றது. அவருக்கும் அது கேட்டது. அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். தன்னுடைய போனை எடுத்து, கொஞ்ச நேரம் தேடி, எதையோ அமத்தினார். படம் பக்கத்திலிருந்து போய்விட்டது.

"பொலிஸ் கதை வேண்டாம்" என்றார் கடைசியில். "அந்த வெளிநாட்டுக் கம்பனிக்குப் பதில் எழுதும் பிள்ளை. கந்தோரில நடந்த தவறு எண்டு எழுதும்."

"படத்தை ஆர் போட்டதெண்டும் கேப்பாங்கள் சேர்."

அவள் ஏன் நிறுத்தமாட்டாள் என்று எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. முதலாளி வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"கேட்டா எழுதும், நான் எண்டு. நான்தான் கையெழுத்து வைக்கவேணும்." பிறகு, "உம்மட வேலைக் கதையை அவங்கட பதில் வந்தாப்பிறகு பாப்பம்" என்றார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் எனக்குப் பெரிய பாடு. பதில் வரவில்லை. பெரிய திரையில் கோடுகள் அப்படியே கிடந்தன. கணக்குப் பெண் மறுபடி கொழும்புக்குப் போன் எடுத்து வெள்ளைப் பலகையில் விலை எழுதினாள். நான் பார்சலோடு போனால் முதலில் பார்ப்பது வாசலில் மகளின் பச்சைக் குடை தொங்குகிறதா என்றுதான். தொங்கினால் அன்றைக்கு வேலை இருக்கிறது. ஒருநாள் அது இல்லை. பையை நிலத்தில் வைத்துவிட்டு அப்படியே படியில் இருந்துவிட்டேன். காவல்காரர் ஓடிவந்தார். அவள் அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு தபால் கந்தோருக்குப் போயிருந்தாளாம்.

பூசைப் படத்தை என் போனிலிருந்து எடுத்துவிடு என்று மகளுக்குச் சொன்னேன். "அது செத்த சாவியம்மா, ஒருத்தருக்கும் உதவாது. படம் கிடக்கட்டும்" என்றாள். எடுக்கத்தான் வேண்டும் என்று நின்றேன். முகப்பிலிருந்து எடுத்துவிட்டு ஒரு செவ்வரத்தைப் பூவைப் போட்டுத் தந்தாள். படம் உள்ளே எங்கேயோ இருக்கிறதாம். நான் தேடவில்லை.

பிறகு ஒருநாள் முற்பகல், நான் சம்பல் இடித்துக்கொண்டிருக்கும்போது அவள் பேசிப் பதிந்து அனுப்பிய குரல் போனில் வந்தது. "அம்மா, பதில் வந்திட்டுது. எச்சரிச்சுப்போட்டு விட்டிட்டாங்கள். புதுச் சாவி தந்திட்டாங்கள். சேர் என்னைக் கூப்பிட்டு, களஞ்சியத்துக்கும் ஒரு நிரல் எழுதச் சொல்லிட்டார்." அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டேன். களஞ்சியத்துக்கு நிரல் எழுதச் சொன்னால் வேலை இருக்கிறது என்றுதானே அர்த்தம். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டும் கேட்டேன். ஓம் என்றாள்.

மத்தியானம் நான் போனபோது பெரிய திரையில் சிவப்பும் பச்சையுமாக எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. வாசலில் நின்றபோதே கண்ணில் பட்டது. உடனே திரும்பி, திரைக்கு முதுகு காட்டி நின்றுகொண்டு, பையிலிருந்து பார்சல்களை ஒவ்வொன்றாகப் பின்பக்கம் நீட்டினேன். நானாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"என்னம்மா இது? திரும்புங்க. பேய் பிசாசா இரிக்கி அதில?"

"நீர் உம்மட பார்சலை எடும். இண்டைக்கு உப்புச் சரி."

முதலாளி அறையை விட்டு வெளியே வந்தார். என்னையும் திரையையும் பார்த்தார்.

"ஏனம்மா அங்கால பாத்துக்கொண்டு நிக்கிறீங்கள்?"

"கம்பனிக்குள்ள இருக்கிற ஆக்கள் மட்டும் பாக்கிறதெல்லோ தம்பி அது" என்றேன். "நான் வெளியாள்."

"நீங்கள் வெளியாளோ? அப்பா காலத்து ஆள். திரும்பிப் பாருங்கோ."

மகள் தன்னுடைய மேசையிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சைக் குடை வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தபடி கடைசிப் பார்சலையும் பின்னால் நீட்டினேன். யாரோ வாங்கிக்கொண்டார்கள். வெறும் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, திரும்பாமலே படியிறங்கினேன்.